‘இந்தக் காலத்துப் பையன்களுக்கு மன உறுதி போதாது’: ஒரு காலாட்படைக்காரனின் பதில்கள்

கேள்வி, ஜூன் 4

"என் தாத்தா உலகப்போருக்குப் போய்வந்தவர். மன அழுத்தம், தூக்கமின்மை என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. வந்தார், வேலையைப் பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். இப்போது இருபது வயதுப் பையன்கள் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். பயிற்சி சரியில்லையா, ஆள் சரியில்லையா? பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 4, இரவு

இருந்தவன் எழுதுகிறேன். காலாட்படை. கடைசியில் செக்‌ஷன் கமாண்டர், அதாவது என் பொறுப்பில் பத்துப் பேர், அதில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்காத வயது. எந்த ரெஜிமெண்ட், எந்த எல்லை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

தாத்தா சொன்னதில்லை, சரி. பாட்டியைக் கேட்டீர்களா? அவர் ராத்திரி எப்படித் தூங்கினார், எத்தனை முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார், எதற்கெல்லாம் கை ஓங்கினார், எப்போது குடிக்க ஆரம்பித்தார் என்பதெல்லாம் பாட்டிகளுக்குத்தான் தெரியும். சண்டைக்குப் போனவன் வாயால் சொல்வதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உலகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வாயைத் திறக்காததற்கு அந்தக் காலத்தில் நல்ல காரணமும் இருந்தது. முதல் உலகப்போரில் ஹாரி ஃபார் என்று ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். ஷெல்லடியில், அதாவது பீரங்கிக் குண்டு மழையில், உடம்பு நடுங்க ஆரம்பித்து 1915இல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மறுபடி முன்வரிசைக்கே அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஒருநாள், இதற்கு மேல் தாங்காது என்று போக மறுத்துவிட்டார். 1916 அக்டோபரில் கோழை என்று தீர்ப்பெழுதிச் சுட்டுக் கொன்றது அவருடைய சொந்த ராணுவம். வயது 25. மனைவிக்குப் பென்ஷனும் மறுக்கப்பட்டது. இப்படிச் சுடப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்கள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. இதைப் பார்த்த தலைமுறை வீட்டுக்கு வந்து "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று சொல்லுமா?

ஜூன் 5, காலை

‘ஆள் சரியில்லையா’ என்ற பாதிக்கு நேற்று பதில் எழுதவில்லை.

ஆடி மர்ஃபி என்ற அமெரிக்கர். 1945 ஜனவரியில் பிரான்சில், எரிந்துகொண்டிருந்த கவச வண்டி மேல் ஏறி நின்று, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஜெர்மன் காலாட்படையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாளாக நிறுத்திவைத்தவர். அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கம் கிடைத்தது, பிறகு சினிமா நடிகரும் ஆனார். அந்த ஆள் பல வருடம் தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டுதான் படுத்தார். தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, அந்தப் பழக்கத்தை விடுவதற்காக ஒரு ஹோட்டல் அறையில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு கிடந்தார். அதை வெளிப்படையாகவும் பேசினார். கொரியா, வியட்நாமிலிருந்து திரும்பும் பையன்களின் மனநிலையை அரசாங்கம் கவனிக்க வேண்டும் என்று சொன்னார். இவரைவிட உறுதியான ஆள் உங்களுக்கு எங்கே கிடைப்பார்?

இது புது வியாதி என்பவர்களுக்கு: கி.மு. 490இல் கிரேக்கத்தில் நடந்த மாரத்தான் போரில், உடம்பில் ஒரு கீறலும் படாமல், சண்டையின் நடுவிலேயே பார்வை போய்விட்ட ஒரு வீரனைப் பற்றிப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சாகும்வரை அவனுக்குப் பார்வை திரும்பவில்லையாம்.

ஜூன் 5, மாலை

"சாவு பயம்தானே, அதை ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்" என்று ஒருவர்.

பயம் இருக்கும். ஆனால் துப்பாக்கிச் சண்டை நடக்கிறபோது பயப்பட நேரம் இருக்காது, கைக்கு வேலை இருக்கிறது. தோட்டா மேகசீனை மாற்று, இடதுபக்கம் யார் இருக்கிறான் பார், கத்து, ஓடு, விழு. காது அடைத்துப் போகும், பக்கத்தில் வெடிப்பது எங்கேயோ தூரத்தில் கேட்கும். நேரம் இழுபடும். முடிந்து பார்த்தால் அரை மணி என்று நினைத்தது பத்து நிமிடமாக இருக்கும். நடுக்கம் அப்புறம்தான் வரும். சிகரெட்டைப் பற்றவைக்க முடியாது. சிலருக்கு வாந்தி, சிலருக்கு அகோரப் பசி, சிலர் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் சந்தோஷம் ஒரு துளி இருக்காது.

என் செக்‌ஷனில் ஒரு பையன். பயிற்சியில் முதலிடம், ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. முதல் மோதலில் சொன்னதையெல்லாம் செய்தான், சொல்லாததையும் செய்தான். இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் பூட்ஸ் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். கட்டவில்லை. எப்படிக் கட்டுவது என்று மறந்துவிட்டது. என்னைப் பார்த்து, "அண்ணே, இது எப்படி?" என்றான். கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன், செய்யவில்லை. நானே குனிந்து கட்டிவிட்டேன். ராத்திரி முழுக்கக் காவலுக்கு நிற்காமல் தூங்கவிட்டோம், மறுநாள் அவனே கட்டிக்கொண்டான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக இதை ஆராய்ந்த ஏப்பல், பீபி இருவரும் 1946இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். காலாட்படைச் சிப்பாய் மொத்தமாக 200 முதல் 240 நாள் சண்டையில் இருந்தால் தேய்ந்துபோகிறான், எவ்வளவு நல்ல சிப்பாயாக இருந்தாலும் சரி. சண்டையில் கிடந்தே பழகிவிடலாம் என்பதெல்லாம் பேச்சு என்று அவர்கள் நேராகவே சொன்னார்கள். பயிற்சியைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். பயிற்சி அந்தத் தேதியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஜூன் 6

பழைய தோழர் ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டு போனில் பிடித்துக்கொண்டார். "கைக்கு வேலை இருந்தால் பயம் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, ஷெல் விழும்போது கைக்கு என்ன வேலை?" என்றார்.

நியாயம். நான் எழுதியது துப்பாக்கிச் சண்டைக்குப் பொருந்தும். பீரங்கி அடிக்கும்போது காலாட்படைக்காரன் செய்ய ஒன்றுமே இல்லை. குழிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். அடுத்தது இங்கேயா அங்கேயா என்பது உன் வீரத்தைப் பொறுத்தது இல்லை, உன் பயிற்சியைப் பொறுத்தது இல்லை. இரண்டு உலகப்போரிலும் அதிகம் பேரை வீழ்த்தியது பீரங்கிதான், மனம் உடைந்தவர்களில் பலரும் அதன் கீழே கிடந்தவர்கள்தான். பயத்தைவிடக் கையாலாகாத்தனம் மனிதனைச் சீக்கிரம் தின்றுவிடும். இப்போது தலைக்கு மேல் டிரோன் சுற்றுகிறது. அந்த ரீங்காரத்தின் கீழே நான் கிடந்ததில்லை, கிடந்தவர்கள் எழுதட்டும்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

"சூடா சாப்பாடும் தூக்கமும் கொடுத்தா எல்லாம் சரியாயிடும் சார்" என்று எழுதியவரை எல்லோரும் கலாய்க்கிறீர்கள். அவர் பாதி சரி. 1917இல் தாமஸ் சால்மன் என்ற அமெரிக்க மனநல டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தளர்ந்தவனைத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே, முன்வரிசைக்குப் பக்கத்திலேயே வை, உடனே கவனி, சாப்பாடு கொடு, தூங்கவிடு, நீ சீக்கிரம் உன் ஆட்களிடம் திரும்பிவிடுவாய் என்று சொல்லிக்கொண்டே இரு. இன்றும் பல ராணுவங்கள் இதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் இதில் யாருக்கு லாபம் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். ராணுவத்துக்கு ஆள் திரும்பக் கிடைக்கிறான். நண்பர்களை விட்டுவிட்டு வந்தோம் என்ற குற்ற உணர்ச்சி அவனுக்கும் குறைகிறது, அது பொய்யில்லை, பூட்ஸ் நாடா பையனிடம் பார்த்தேன். இருபது வருடம் கழித்து அவன் எப்படித் தூங்குகிறான் என்பது அந்தக் கணக்கில் வராது.

ஜூன் 7

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், நான்கு நாளாகத் தள்ளிப்போட்டது.

பையன்களை உடைப்பது தன் சாவைப் பற்றிய நினைப்பு இல்லை. அந்த வயதில் தன் சாவு யாருக்கும் நிஜமாகத் தோன்றாது. பக்கத்துப் படுக்கைக்காரன் செத்துப்போவதுதான் உடைக்கிறது. சேர்ந்து குளித்தவன், இவன் காதல் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவன், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன்.

ஒருவன் போய்விட்டால் அவன் சாமான்களை எடுத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் சண்டைக் காட்சி எடுக்கிறவர்கள் யாரும் காட்டுவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத வேண்டும். சட்டை, உள்ளாடை, பர்ஸ், பாதி தீர்ந்த பற்பசை. பற்பசையை அனுப்புவதா தூக்கிப் போடுவதா? தூக்கிப் போட யாருக்கும் கை வராது. தாய் பார்க்கக்கூடாதது ஏதாவது இருந்தால் எடுத்துவிட வேண்டும், அது நண்பனின் கடமை. போன் ஒரு பெரிய தொல்லை. செய்தி வந்துகொண்டே இருக்கும், ‘ஏன் பதில் இல்லை’ என்று. வீட்டுக்கு முறைப்படி தகவல் போகும்வரை நாம் தொடக்கூடாது. எங்கள் பையன் ஒருவன் அந்த வேலையை முடித்துவிட்டு, சரியாகச் செய்தான், பட்டியலில் ஒரு அடித்தல் இல்லை, அன்றைக்கே காவலுக்கும் போனான். ஆனால் அதற்குப் பிறகு யாருடனும் சேர்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவான்.

அப்புறம் மாற்று ஆள் வருவான். பாவம், அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை, செத்தவன் படுக்கையில் படுத்தான், அவ்வளவுதான். பல நாள் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘புதுசு, இங்கே வா.’ திமிர் என்று நினைக்காதீர்கள். பெயர் தெரிந்துவிட்டால் ஊர் தெரியும், தங்கை படிப்பது தெரியும், அப்புறம் இன்னொரு பட்டியல் எழுத வேண்டியிருக்கும். எல்லாப் போரிலும் எல்லா மொழியிலும் பழையவர்கள் புதியவர்களை இப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை, ஒரே பள்ளி நண்பர்களைச் சேர்த்து ஒரே பட்டாளமாக அனுப்பினார்கள். சேர்ந்து நிற்பார்கள் என்று கணக்கு. நின்றார்கள். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் சண்டையின் முதல் நாள், பிரிட்டிஷ் தரப்பில் ஒரே நாளில் 19,240 பேர் செத்தார்கள். சில தெருக்களில் வீட்டுக்கு வீடு சாவுச் செய்தி. எது தாங்கிப் பிடிக்கிறதோ அதுவே வெட்டும் என்பதற்கு இதைவிட எனக்கு உதாரணம் தெரியாது.

ஜூன் 8

"போரில் நூற்றுக்கு 15 முதல் 25 பேர்தான் சுடுகிறார்கள், மற்றவர்கள் மனிதாபிமானத்தால் சுடுவதில்லை என்று அமெரிக்க ஆய்வு இருக்கிறதே" என்று ஒருவர். தம்பி, அது எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சொன்னது. பின்னால் வரலாற்றாசிரியர்கள் அவருடைய குறிப்பேடுகளைத் தேடிப் பார்த்ததில் அந்த எண்ணுக்கு ஆதாரமாக ஒழுங்கான கணக்கெடுப்பு எதுவும் அகப்படவில்லை. பேச்சுப் போட்டிக்கு நல்ல எண், அதன் மேல் எதையும் கட்டாதீர்கள்.

சுடுவார்கள். அந்த நேரத்தில் சுடுவது சுலபம், அதற்குத்தான் ஆயிரம் தடவை பழக்கியிருக்கிறார்கள். கஷ்டம் அப்புறம். என் பிளாட்டூனில், அதாவது சில செக்‌ஷன்கள் சேர்ந்த பிரிவில், ஒரு பையன் இருட்டில் அசைந்த உருவத்தைச் சுட்டான். எச்சரித்துவிட்டுத்தான் சுட்டான், உத்தரவும் அப்படித்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் ஆயுதம் இல்லாத ஆள். விசாரணை நடந்தது, தவறில்லை என்று எழுதி முடித்தார்கள். கோப்பு முடிந்தது, அவனுக்கு முடியவில்லை. அவனிடம் பயமே கிடையாது, திடுக்கிடுவதோ வியர்ப்பதோ எதுவும் இல்லை. "நான் இனிமே கோயிலுக்குள்ள போகலாமா?" என்று மட்டும் என்னைக் கேட்டான். நான் என்ன பூசாரியா?

வியட்நாமிலிருந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற டாக்டர் 1990களில் இந்தக் காயத்தைத் தனியாக எடுத்துப் பேசினார். சரி என்று தெரிந்ததை மேலதிகாரி மீறியதால் ஏற்படும் காயம் என்றார் அவர், தானே மீறினாலும் அதே காயம்தான் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். பயத்தால் வந்ததற்கான வைத்தியம் இதற்கு அப்படியே பொருந்தாது. ‘ஆபத்து முடிந்துவிட்டது, நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்று இவனிடம் சொல்லிப் பாருங்கள். ‘நான் பத்திரமாக இருப்பதுதான் பிரச்சினை’ என்பான்.

ஜூன் 10

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பாட்டி இல்லையாம், அம்மாவைக் கேட்டிருக்கிறார். தாத்தாவைத் தூக்கத்தில் யாரும் தொட்டு எழுப்பக்கூடாது, வாசல்படியில் நின்று குச்சியால் கதவைத் தட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாக இருந்ததாம். பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, தாத்தாவின் கோபம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

எழுதியதற்கு நன்றி. இதைக் கேட்டுவந்து எழுதினீர்களே, அது பெரிய விஷயம். மற்றவர்கள் அவரை ஓட்டாதீர்கள்.

ஜூன் 11

ஒரு தம்பி தனிச்செய்தியில் கேட்டதைப் பொதுவில் எழுதுகிறேன்: "அண்ணா, எனக்கு அந்த நாட்கள் திரும்ப வேண்டும் போல இருக்கிறது. நான் கெட்டவனா?"

இல்லை. இதைப் பொதுமக்களிடம் சொல்ல முடியாது, தப்பாக நினைப்பார்கள். அந்த வயதில் அவ்வளவு உயிரோட்டமாக இருந்தது வேறு எப்போதும் கிடையாது. ஒவ்வொரு நாளும் கூர்மையாக இருந்தது, உன்னை நம்பி பத்துப் பேர், பத்துப் பேரை நம்பி நீ. திரும்பி வந்தால் மின்கட்டணம், வரிசை, யாரோ ஒருவர் பார்க்கிங்குக்காகச் சண்டை போடுகிறார். வேகமாக பைக் ஓட்டுகிற, வலியச் சண்டைக்குப் போகிற பையன்களில் பலர் தேடுவது அந்தக் கூர்மையைத்தான்.

இருபத்தைந்து வயதுவரை மூளையின் முன்பகுதி, அதாவது பின்விளைவை எடைபோடுகிற பகுதி, முழுசாக வளர்ந்து முடிவதில்லை என்கிறார்கள். ராணுவங்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே ஆதிகாலத்திலிருந்து தெரியும். பதினெட்டு வயதுக்காரன் ஓடுவான், காயம் சீக்கிரம் ஆறும், சொன்னதைச் செய்வான், தன் சாவைக் கணக்கில் சேர்க்க மாட்டான். நாற்பது வயதுக்காரர்களை மட்டும் வைத்து ஒரு போர் நடத்திப் பாருங்கள், முதல் மலையடிவாரத்திலேயே உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஜூன் 13

திரும்பி வருவதைப் பற்றி. 7ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களைப் பெரும்பாலும் தனித்தனியாக அனுப்பினார்கள், ஒவ்வொருவனுக்கும் அவனவன் பன்னிரண்டு, பதிமூன்று மாதக் கெடு. தனியாகப் போனான், ஏற்கனவே பழகியவர்களிடையே ‘புதுசு’ ஆனான், நண்பர்களை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறினான். காட்டிலிருந்து சொந்த வீட்டுக் கூடத்துக்கு இரண்டு மூன்று நாளில் வந்தவர்கள் உண்டு. 1982இல் அர்ஜெண்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போர் முடிந்ததும் பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் சேர்ந்தே கப்பலில் திரும்பினார்கள், வாரக்கணக்கில் கடல். குடித்தார்கள், அடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், செத்தவனைப் பற்றிக் கெட்ட வார்த்தையில் கதை சொன்னார்கள். அதனால் யாருக்கும் பிரச்சினை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. இருந்தாலும் அது பின்னால் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைகளை வீட்டுக்கு முன்னால் சைப்ரஸில் இறக்கி ஒன்றரை நாள்போல வைத்திருந்தார்கள், கடலில் குளியல், அளவாக பீர். ஒன்றரை நாள் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். பூஜ்யத்துக்கு அது மேல்.

எனக்குக் கப்பலும் இல்லை, சைப்ரஸும் இல்லை. லீவ் சீட்டு, ரயில். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் என் தலைமுடி வெட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார், அப்புறம் கேட்டார்: "எத்தனை பேரைப் போட்டீங்க?" அவர் குழந்தை மடியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன், இறங்குகிறவரை.

பழைய பாட்டுகளில் தாய் போர்க்களத்துக்குப் போய் மகனுக்குக் காயம் மார்பிலா முதுகிலா என்று பார்ப்பாள். உயிரோடு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மகனை என்ன செய்வது என்று எந்தத் தாயும் பாடி நான் படித்ததில்லை.

ஜூன் 14

அதைத்தான் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் வந்து இரண்டு மாதம் ஆகிறது, அறையை விட்டு வெளியே வருவதில்லை, என்ன செய்வது என்று.

அம்மா, நான் டாக்டர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கல்யாணம், சடங்கு, கூட்டம் என்று இழுக்காதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் வாசல் தெரிகிற இடத்தில் உட்காரவிடுங்கள், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பெண் பார்த்து முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக்கக்கூடாது. என்ன நடந்தது என்று துருவாதீர்கள், அவன் சொல்ல வரும்போது பாதியில் ‘சரி விடு, மறந்துடு’ என்று மூடவும் செய்யாதீர்கள். இந்த இரண்டாவதுதான் கஷ்டம், கேட்கிற உங்களுக்கு வலிக்கும். சின்ன வேலை கொடுங்கள், கையால் செய்கிற வேலை. குடியைக் கவனியுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று ஆரம்பிப்பது ஒரு வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அவனோடு இருந்தவர்களில் ஒருவன் எண்ணைத் தேடிப் பிடித்து, ஒருநாள் வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உங்களால் முடியாதது அவனால் முடியும். இரண்டு பேரும் மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், பயப்படாதீர்கள், அது நல்லது.

செத்துப்போயிருக்கலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை, விளையாட்டாகச் சொன்னாலும், வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் துப்பாக்கி, பூச்சிமருந்து, மாத்திரைக் குவியல் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். இரண்டு மாதம் அறையிலேயே இருக்கிறான் என்பதே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம். நேராகப் பேசுகிற சிகிச்சை இருக்கிறது, அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பழக்குகிற முறைகள், மருந்துகளும் உண்டு. குணமாகிறவர்கள் நிறைய.

ஜூன் 15

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, போர்முனைக்குப் போன எல்லாப் பையன்களும் உடைந்து வருகிறார்கள் என்று ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டார். அப்படி இல்லை. 2004இல் அமெரிக்க ராணுவ டாக்டர் சார்ல்ஸ் ஹோகும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, சண்டையிட்ட காலாட்படைப் பிரிவுகளையே எடுத்துப் பார்த்தது. ஈராக்கிலிருந்து வந்தவர்களில் கடும் மனச்சோர்வு, பதற்றம், போர் நினைவுகள் விடாமல் துரத்தும் கோளாறு (PTSD) இவற்றில் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தது 16, 17 சதவீதம். போவதற்கு முன் எடுத்த கணக்கில் அது 9 சதவீதம். அதாவது பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், வடு இருக்கும், நடமாடுவார்கள்.

என்னை உறுத்தியது அதே ஆய்வின் இன்னொரு எண். பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தவர்களில் உதவி தேடியவர்கள் 23 முதல் 40 சதவீதம்தான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் ‘கமாண்டர் என்னை வேறு மாதிரி பார்ப்பார்’ என்று அதிகம் பயந்தார்கள். ஹாரி ஃபாரைச் சுட்டு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் ஆன பிறகு.

ஜூன் 17

"திரும்பியவுடன் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லிவிட்டால் முடிந்தது" என்ற யோசனைக்கு நிறைய விருப்பக்குறி விழுந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உலகம் முழுக்கச் செய்தும் பார்த்தார்கள். ஒரே ஒரு அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பின்னால் வரும் கோளாறைத் தடுக்கவில்லை, சிலருக்கு மோசமாகவும் ஆகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு இப்போது மருத்துவ வழிகாட்டிகள் அதை வேண்டாம் என்கின்றன. ஃபாக்லாந்திலிருந்து வந்த கப்பலில் நடந்தது வேறு. அங்கே யாரும் யாரையும் பேசச் சொல்லவில்லை.

ஜூன் 20

"எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் டாக்டரிடம் போனீர்களா?" நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

போனேன். ஓய்வு பெற்று வந்து வெகுகாலம் கழித்து. நானாகப் போகவில்லை, வீட்டுக்காரி கூட்டிப்போனாள். ‘நீங்க வரலைன்னா நான் மட்டும் போய் உங்களைப் பத்திச் சொல்லிட்டு வரேன்’ என்றாள். அவள் என்ன சொல்வாளோ என்ற பயத்தில் கிளம்பினேன். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயது. இவளுக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்தேன். முதல் மூன்று தடவை தூக்கம், சாப்பாடு, முதுகுவலி இதைத்தான் பேசினேன். அவளும் விடாமல் முதுகுவலியைப் பற்றியே கேட்டாள், எப்போது வலிக்கிறது, ராத்திரியா, எந்தப் பக்கம் படுத்தால், அப்போது என்ன நினைப்பு வரும் என்று. அப்படியே போய் ஒருநாள் பற்பசையில் வந்து நின்றது. அன்றைக்கு வெளியே வந்து வீட்டுக்காரியிடம் பேசாமல் பக்கத்துக் கடையில் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்தோம்.

தூக்கம் இப்போது பரவாயில்லை. முழுசாக இல்லை, பரவாயில்லை. பட்டாசுச் சத்தம் இன்னும் ஆகாது.

என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவருக்கு: எழுத மாட்டேன். அது எனக்குக் கொடுத்தது. உங்கள் டாக்டரிடம் போய் உங்களுக்கானதைக் கேளுங்கள்.